மர்ழியாவுக்கு வராத மணம்

கிணற்றடியில் நிஸார் மறுபடியும் உடம்பெல்லாம் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து இதே வேலை. மனைவி இறந்து மையித்தாக உள்ளே கிடக்க இந்த மனிசன் இப்படிக் குளிக்கிறாரே என்று, முற்றத்தில் ஆட்கள் உட்காரக் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் முணுமுணுத்தார். ஸும்ராவின் காதில் அது விழுந்தது. துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

"வாப்பா, குளிச்சது காணும். தோல் உரிஞ்சிரும்."

"கொஞ்சம் பொறு மகள். இன்னும் போகல்ல."

என்ன போகவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

கொரோனா வந்த வருடம் உம்மா மர்ழியாவின் மூக்கு அடைத்துப்போனது. காய்ச்சல் விட்டுச் சில மாதத்தில் மணம் திரும்பி வந்தது. ஆனால் கோணலாக வந்தது. முதலில் கோப்பி நாறியது. பிறகு வெங்காயம் பொரிகிற மணம். வாசல் கேற்றடி மல்லிகையைக் கிள்ளி முகர்ந்தவள், "கக்கூசு நாத்தம்" என்று எறிந்துவிட்டாள். கடைசியாக வாப்பா. தோட்டத்திலிருந்து வந்து, குளித்து, கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரை விட்டு வெளியே ஓடிப்போய்ச் சத்தியெடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு அழுதாள்.

"உங்களில பிழையில்ல. என்ட மூக்குலதான்."

அவர் அத்தர் பூசுவதை விட்டார். சவர்க்காரத்தை மாற்றினார். சாரன்களை அவித்துத் துவைத்தார். ஒன்றும் சரிவரவில்லை. ஒருநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு வெங்காயப் பாத்திக்கு அந்தப் பக்கம் இருந்த மோட்டர்க் கொட்டிலுக்குப் படுக்கப் போனார். மாம்புரி ஊரில் அவர்கள் வீட்டு வளவு நீளமானது. அங்கிருந்து கத்தினால் ஊருக்கே கேட்கும். அதனால் ஒரே வளவுக்குள் இருந்துகொண்டு புருஷனும் மனைவியும் போனில் கதைத்தார்கள்.

ஸும்ரா அப்போது கண்டியில் பட்ட மேற்படிப்பில் இருந்தாள். ஆய்வுகூடத்தில் அவள் வேலை இன்டோல்கள். ஆறு மூலை வளையமும் ஐந்து மூலை வளையமும் ஒட்டிக்கொண்டு, சின்ன வளையத்தில் ஒரே ஒரு நைதரசன் இருக்கும் மூலக்கூறுகள். அந்த வளையத்தை எப்படிப் பூட்டுவது, பூட்டிய பிறகு எந்த மூலையில் எதைச் சேர்ப்பது என்பதுதான் அவளுடைய நாட்கள்.

"நீ மருந்து செய்ற புள்ளதானே" என்றாள் உம்மா ஒருநாள். "என்ட மூக்குக்கு ஒண்டு செய்யேன்."

"நான் மருந்து செய்றல்ல உம்மா."

அப்படிச் சொல்லி வைத்தவளுக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. மல்லிகையிலும் மலத்திலும் இருப்பது அதே இன்டோல்தான். துளியிலும் துளியாக இருந்தால் பூ, கூடினால் நாற்றம். மூன்றாம் இடத்தில் ஒரு காபன் வந்து ஒட்டினால் நாற்றம் இன்னும் மோசம். உம்மாவின் மூக்கில் அந்த எல்லை எங்கோ இடம் மாறிவிட்டது. அதைக் கண்டுபிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால்?

கப்பலில் சாமான் வராத காலம் அது. போத்தலில் இன்டோல் வாங்க வழியில்லை. அவளே செய்தாள். பீனைல் ஐதரசீனையும் பைருவிக் எஸ்தரையும் சேர்த்து, அமிலம் விட்டுச் சூடாக்கினாள். அமோனியா கழன்று போக, வளையம் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டவில்லை. குடுவையின் அடியில் தார்தான் மிஞ்சியது. அமிலத்தை மாற்றினாள், சூட்டைக் குறைத்தாள், திரும்பவும் தார். மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகலில் வளையம் பூட்டியது. எஸ்தரை அமிலமாக்கி, தேவையில்லாத அந்தப் பகுதியைச் சூடாக்கிக் கழற்றியதும், குளிர்ந்த கண்ணாடியில் மீன் செதில் போல வெள்ளைத் தகடுகள் படிந்தன. ஆய்வுகூடத்தில் தனியே நின்று சிரித்தாள்.

மணமில்லாத எண்ணெயில் அதைக் கரைத்து, மேலும் மேலும் எண்ணெய் விட்டு ஐதாக்கி, சின்னக் குப்பிகளில் ஊருக்குக் கொண்டுவந்தாள். உம்மா கண்ணை மூடி ஒவ்வொன்றாக முகர்ந்தாள்.

"நாத்தம்... நாத்தம்... இதுவும் நாத்தம்... இதுல ஒண்டுமில்ல மகள்."

நாற்றத்துக்கும் ஒன்றுமில்லாததற்கும் நடுவில் பூ இல்லை. உம்மா விடவில்லை. காலையும் மாலையும் முகர்ந்தாள். ஸும்ரா வளையத்தின் வேறு வேறு மூலைகளை மாற்றி, ஊருக்கு வரும்போதெல்லாம் புதுக் குப்பி கொண்டுவந்தாள். இது விஞ்ஞானமில்லை என்று அவளுக்குத் தெரியும். உம்மா மூடியைத் திறக்கும்போது அந்த முகத்தில் வருகிற ஆசைக்காகவே செய்துகொண்டிருந்தாள்.

நேற்று மாலை உம்மா கட்டிலில் சாய்ந்தபடி போனில் கதைத்தது அவளுக்குக் கேட்டது.

"சாப்பிட்டீங்களா?"

"..."

"இஞ்ச பாருங்க. நாளைக்குக் கிட்ட வந்து இரிங்க. நான் மூக்கப் பொத்திக்கிறன்."

அந்தப் பக்கம் வாப்பா என்னவோ சொல்ல, உம்மா சிரித்தாள். "சத்தி எடுத்தா எடுக்கட்டும். எத்தின நாளைக்குத்தான் இப்படிப் போன்ல கிடக்கிற? வாங்க."

இன்று விடியும் முன் சுபஹு பாங்கு சொல்லும்போது மர்ழியாவின் இருதயம் நின்றிருந்தது. நெஞ்சு ஒருமாதிரி இருக்கு என்று மகளை எழுப்பியவள், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாள். ஸும்ரா கொட்டிலுக்கு ஓடிப்போய்ச் சொன்னபோது வாப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "வலிச்சிச்சா அவவுக்கு?" பிறகு நேரே கிணற்றடிக்குப் போனார்.

இப்போது துவாயை அவர் தோளில் போட்டு, தலையைத் துவட்டிவிட்டாள். பின்வளவில் திரை கட்டியாகிவிட்டது. மையித்தைக் குளிப்பாட்ட வந்த ஸவாஹிரா மாமி எட்டிப் பார்த்தாள்.

"மாப்பிள்ள தண்ணி ஊத்துறதெண்டா ஊத்தலாம். புருஷனுக்குத் தடையில்ல."

நிஸார் திரை வரைக்கும் வந்தார். அங்கேயே நின்றார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அண்ணாந்து தென்னோலையைப் பார்த்தார். பிறகு மகளின் பக்கம் குனிந்து, மாமிக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"இப்ப அவவுக்கு மணக்குமா மகள்?"

மணத்தைப் பற்றி ஸும்ரா படித்ததெல்லாம் அந்த நேரத்தில் ஒரு வரிக்குள் அடங்கியது.

"மூச்சு இழுத்தாத்தான் வாப்பா மணக்கும். வாங்க."

அவர் உள்ளே போனார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்சம் நின்றார். மாமி கோப்பையைக் கொடுத்தாள். உம்மாவின் முடியில் தண்ணீர் ஊற்றும்போது அவர் வாய் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. ஓதுகிறாரா, உம்மாவோடு கதைக்கிறாரா என்று ஸும்ராவுக்குப் பிடிபடவில்லை. கடைசித் தண்ணீரில் மாமி கர்ப்பூரம் கரைத்தாள். நெற்றியில் ஒட்டிய முடியை அவர் விரலால் ஒதுக்கிவிட்டு, குனிந்து, முகத்தோடு முகம் வைத்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, மையித்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் கேற்றடியில் நின்றுகொண்டார்கள். பள்ளிவாசலுக்குப் போகிற மணல் ரோட்டில் ஆட்கள் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். முன்னால், தலைமாட்டுப் பக்கம் நிஸார். மச்சான்மார் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, இடம் மாறக் கேட்டு அவர் தோளைத் தொட்டார்கள். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

ரோடு திரும்புகிற இடம் வரைக்கும் ஸும்ரா பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் இருந்தவர்கள் இரண்டு தரம் மாறிவிட்டார்கள். முன்னால் அவர் மாறவில்லை.