டயருக்கு எண்ணெய்க் குளியல்

ராஜலிங்கத்துக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. துரை பங்களாவுக்குக் கீழே இருந்த முதல் வளைவிலேயே மோட்டார் சைக்கிள் வழுக்கி, அவரைத் தேயிலைச் செடிக்குள் தள்ளிவிட்டுத் தானும் பக்கத்தில் படுத்துக்கொண்டது. முழங்கை உரிந்து எரிந்தது. எழுந்து டயரைத் தொட்டார். விரல் வழவழத்தது. முகர்ந்து பார்த்தார். நல்லெண்ணெய்! டயரில் நல்லெண்ணெய் தேய்க்கிற உலகமும் உண்டா?

பன்விலப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவர் டிஸ்பென்சர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் மருந்தையா. காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் அவர் கை மருந்தே போதும். ஆனால் மேல் லயத்துப் பாப்பம்மாவின் வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. நேற்று ராத்திரியிலிருந்து வலி. மருத்துவச்சி பேச்சியம்மா விடியும்போது கையை விரித்துவிட்டாள். கண்டிக்குப் போய் டாக்டரை அழைத்து வராவிட்டால் தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது. அந்த அவசரத்தில்தான் இந்தக் கூத்து.

சத்தம் கேட்டு மேலிருந்து ஓடி வந்தவன் பாப்பம்மாவின் புருஷன் பழனியாண்டி. ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிறவன். நேற்று ஆயுத பூசைக்கு மோட்டார் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவனும் அவன்தான்.

"டயர்ல என்னத்தடா பூசுன?"

"நல்லெண்ணெய்ங்கையா. குளிக்க வார்த்தோம்."

"குளிக்க வார்த்தீங்களா? இது என்ன உன் மாமனாடா?"

"சனிக்கிழமை சனிக்கிழமை நீங்களே அதுக்கு எண்ணெய் ஊத்தித் தொடைக்கிறீங்க. மனுசனுக்குத்தான் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்னு இருந்தோம், மிசினுக்கும் உண்டு போலன்னு நெனச்சோங்க. பூசை நாளாச்சே, காலுக்கும் ரெண்டு கை கூடத் தடவுனேன்."

ராஜலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். வாராவாரம் அவர் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டு, டயரை அமுக்கிக் காற்றுப் பார்த்து, இடுக்கில் சிக்கிய கல்லை நோண்டி எடுப்பதை லயமே கூடி நின்று வேடிக்கை பார்க்கும். பார்த்துப் படித்த லட்சணம் இது! எண்ணெய் பட்டால் ரப்பர் என்ன கதியாகும் என்று ஒருத்தனாவது கேட்டிருக்கக் கூடாதா?

"எஞ்சினுக்குள்ளயும் ஊத்தித் தொலைச்சியா?"

"ஐயையோ, இல்லீங்க. அது உங்க எண்ணெய்தான் குடிக்கும்."

"ஏண்டா, தொரை காரு அங்க நிக்குதே. அதுக்குப் பூசுறதுதானே?"

"அது எங்களுக்கு எப்பங்கையா வந்துச்சு? லயத்துக்கு ஓடி வர்றது இது ஒண்ணுதானுங்களே. பொஞ்சாதிக்கு மாசம் நெறஞ்சாச்சு, அவசரத்துக்கு நல்லா ஓடணும்னுதான்..."

கார் என்று தன் வாயாலேயே சொன்னது ராஜலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. காரில் பாப்பம்மாவையே ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போய்விடலாமே! பங்களாவுக்கு ஓடினார்.

துரை சாப்பிடுகிறார் என்று பட்லர் வாசலிலேயே நிறுத்திவைத்தான். அங்கே ஒருத்தி துடிக்க, இங்கே முட்டையும் ரொட்டியும் ஆற அமர இறங்கிக்கொண்டிருந்தன. ராஜலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் துரை வாயைத் துடைத்தபடி வந்து விஷயத்தைக் கேட்டார்.

"கார் கூலிப் பொம்பளைக்கு இல்லே. சீட் எல்லாம் ரத்தம் ஆகும். உன் சைக்கிள்லே போ."

"டயர்ல எண்ணெய் பூசிட்டாங்க, தொரை. வழுக்குது."

துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முட்டாள் ஜனம்!"

சற்று முன்பு தானும் ஏறக்குறைய அதையேதான் நினைத்தார் ராஜலிங்கம். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் உடம்பெல்லாம் கூசியது. திரும்பிப் பார்க்காமல் இறங்கினார்.

எண்ணெய்க் குளியலுக்குச் சீயக்காயைத் தவிர வேறென்ன? லயத்துப் பெண்கள் சீயக்காயும் அடுப்புச் சாம்பலும் கொண்டு வந்தார்கள். இரண்டு டயரையும் தேய்த்தார்கள், கழுவினார்கள், மறுபடி தேய்த்தார்கள். விரல் வழுக்காத வரைக்கும் ராஜலிங்கம் விடவில்லை. எஞ்சின் எண்ணெயையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினார். மடவளை தாண்டிக் கண்டி போய்ச் சேரும்வரை, எஞ்சினுக்கு எண்ணெய் தள்ளும் கைப்பம்பை அமுக்கும் போதெல்லாம் துரையின் ஏழு தலைமுறையையும் வைதுகொண்டே போனார்.

டாக்டர் திருச்செல்வம் நல்ல மனிதர். கூப்பிட்டதும் தன் காரில் புறப்பட்டு வந்தார். பாப்பம்மா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

"ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தனெண்டால் பிள்ளையையும் காப்பாத்தியிருப்பன்," என்றார் டாக்டர், கையைக் கழுவியபடி.

அதைக் கேட்ட பழனியாண்டி தடாலென்று ராஜலிங்கத்தின் காலில் விழுந்தான். "நான் தடவுன எண்ணெய்தாங்கையா எம்புள்ளையக் கொன்னுருச்சு!"

ராஜலிங்கம் அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார். உரிந்த முழங்கை விண்ணென்று தெறித்தது.

"எண்ணெயா கொன்னுச்சு? எண்ணெயைத்தான் கழுவித் தொலைச்சோமேடா! வெடிஞ்சதுல இருந்து ஒரு காரு அங்க சும்மா நிக்குது. இன்னும் நிக்குது பாரு! அதைக் கேளு! அந்தச் சீட்டு அழுக்காகக் கூடாதுன்னுதான் உம்புள்ள செத்துச்சு!"

கூட்டத்தில் நின்ற வீரய்யா கங்காணி பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். "மெதுவாப் பேசுங்க மருந்தையா. பங்களா பக்கம். தொரை காதுல விழுந்திடும்."

"விழட்டும்யா! விழணும்னுதானே கத்துறேன்!"