இணைக்காத சான்றிதழ்

மஹ்ஜபீனும் தமிழ்மதியும் பி.எட். படித்த காலத்தில் விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். இருபத்திரண்டு வருடம் கழித்து இருவருமே தலைமையாசிரியைகள். மஹ்ஜபீனுக்குத் திண்டுக்கல் டவுனில் உதவிபெறும் பெண்கள் பள்ளி. அறுநூறு பிள்ளைகளுக்கு மேல். தமிழ்மதிக்குக் குஜிலியம்பாறையிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு நடுநிலைப்பள்ளி. அதுவும் உதவிபெறுவதுதான், ஆனால் எண்பத்து மூன்று பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள்.

அந்த ஜூன் மாதம், பள்ளிகளுக்கு இணைய வசதி செய்து கொடுக்கச் சென்னையிலுள்ள ஓர் அறக்கட்டளை விண்ணப்பம் கேட்டிருந்தது. கேபிள் இழுப்பதிலிருந்து ஐந்து வருடக் கட்டணம் வரை அவர்கள் பொறுப்பு. மாவட்டத்துக்கு ஒரு பள்ளிதான். தமிழ்மதி காகிதங்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

“எல்லாத்தையும் இங்கிலீசுல கேக்குறான் மஹ்ஜு. ஒரு பக்கம் படிக்கிறதுக்குள்ள எனக்குத் தல சுத்துது. ஒன்னோடத போடும்போது என்னோடதையும் போட்டுரு.”

“ரெண்டு பேருமே போட்டா ஒருத்தருக்குத்தானடி கெடைக்கும்?”

“கெடைக்கட்டுமே. ஒனக்கு வந்தா என்ன, எனக்கு வந்தா என்ன?”

அப்படிச் சொன்னபோது தமிழ்மதி மனதில் ஒன்றும் இல்லை. அதுதான் பின்னால் மஹ்ஜபீனைப் போட்டு வாட்டியது.

இரண்டு சனிக்கிழமைகள் உட்கார்ந்து மஹ்ஜபீன் கேள்விகளைப் படித்துச் சொன்னாள். தமிழ்மதி தமிழில் பதில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் தட்டினாள். வருகைப்பதிவைச் செயலியில் ஏற்றுவதற்குத் தமிழ்மதி தினமும் பள்ளிக்குப் பின்னாலிருக்கும் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் பாதி ஏறி நின்று செல்போனைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தேர்வு என்றால் வினாத்தாளை இறக்கி நகல் எடுக்கக் குஜிலியம்பாறைக்கு ஓட வேண்டும். ஒருமுறை திரும்பி வர பஸ் கிடைக்காமல், பிள்ளைகள் பன்னிரண்டு மணி வரை வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அறிவியல் பரிசோதனை வீடியோ ஒன்றை அவள் வீட்டிலேயே செல்போனில் இறக்கிக்கொண்டு வந்தபோது, எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நின்று அதைப் பார்த்தார்கள்.

தட்டிக்கொண்டிருக்கும்போதே மஹ்ஜபீனுக்குத் தெரிந்துவிட்டது. இதைப் படிக்கிற யாரும் தன் பள்ளியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். தன் பள்ளியில் லைன் இருக்கிறது. மெதுவாக வருகிறது, அவ்வளவுதான். இருபது கம்ப்யூட்டரை ஒன்றாகப் போட்டால் சுற்றிக்கொண்டே நிற்கும்.

ஆனால் அவளுக்கும் ஒரு நெருக்கடி இருந்தது. பள்ளியின் தாளாளர் நூர் முகமது, கமிட்டிக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் சொல்லியிருந்தார்: “பக்கத்துல புதுசா வந்த ஸ்கூல்ல ஸ்மார்ட் கிளாஸ்னு போர்டு வச்சுட்டான். இந்த வருசம் மட்டும் நாப்பது பிள்ளைக அங்க போயிருச்சு. இதையாவது வாங்கிக் குடுங்க டீச்சர், பாப்போம்.” அந்தப் ‘பாப்போம்’ அவள் காதிலேயே நின்றுவிட்டது.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணி வரை நேரம். மஹ்ஜபீன் மூன்றரை மணிக்கே தன் பள்ளி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, தமிழ்மதியுடையதைத் திறந்தாள். ஊரில் எந்தக் கேபிள் லைனும் கிடையாது என்று ஊராட்சிச் செயலர் கொடுத்த சான்றிதழை மட்டும் இணைக்க வேண்டும். ஃபைல் பெரிதாக இருக்கிறது என்று திரை அதை ஏற்க மறுத்தது. அதைச் சுருக்குவது இரண்டு நிமிட வேலை. தன் பள்ளிக் காகிதங்களில் நான்கை அன்று காலைதான் அவள் அப்படிச் சுருக்கியிருந்தாள்.

கீழே ‘பின்னர் இணைக்கலாம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் அதை அமுக்கினாள். வேண்டுமென்றால் அவர்களே கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு தமிழ்மதிக்குப் போன் செய்தாள்.

“போட்டாச்சுடி.”

“அல்லா ஒனக்கு நல்லது செய்வாரு,” என்றாள் தமிழ்மதி சிரித்துக்கொண்டே.

அவர்கள் கேட்கவும் செய்தார்கள். தமிழ்மதிக்கு மெயில் பார்க்கும் பழக்கம் இல்லாததால் தொடர்புக்கு மஹ்ஜபீனின் முகவரியைத்தான் கொடுத்திருந்தார்கள். ஜூலை முதல் வாரத்தில் மெயில் வந்தது. இன்ன சான்றிதழ் இல்லை, ஏழு நாளைக்குள் அனுப்பவும். மஹ்ஜபீன் அதைப் படித்தாள். படித்துவிட்டு, படிக்காததுபோல் திரும்பக் குறித்து வைத்தாள். ஒவ்வொரு நாளும் மெயிலைத் திறக்கும்போது அது படிக்காத மெயிலுக்குரிய தடித்த கறுப்பு எழுத்தில் மேலேயே நின்றது. நாளைக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று நான்கு நாள் சொல்லிக்கொண்டாள். ஐந்தாம் நாளிலிருந்து அப்படிச் சொல்லிக்கொள்வதையும் விட்டுவிட்டாள்.

ஆகஸ்டில் பட்டியல் வந்தது. மஹ்ஜபீனின் பள்ளிக்குக் கிடைத்திருந்தது. நிராகரிக்கப்பட்டவர்கள் பட்டியலில் தமிழ்மதியின் பள்ளிக்கு எதிரே ‘ஊராட்சிச் சான்று முறையாக இல்லை’ என்று போட்டிருந்தது.

தமிழ்மதிதான் முதலில் போன் செய்தாள். “சந்தோசம்டி! நாந்தான் அப்பவே சொன்னேன்ல? எங்களுக்கு அந்தச் சர்ட்டிபிகேட்டுல என்னமோ கோளாறாம். போயிட்டுப் போவுது.” மஹ்ஜபீன் “ஆமாடி” என்று மட்டும் சொன்னாள்.

செப்டம்பரில் திறப்பு விழா வைத்தார்கள். தமிழ்மதி ஒரு பை நிறையப் பச்சைக் கடலையும் ஒரு பொன்னாடையும் கொண்டுவந்தாள். நூர் முகமது அவளையும் மேடையில் ஏற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “எங்க ஊருக்குக் கெடைக்கலைன்னு எனக்கு வருத்தமே இல்ல. எங்க பேப்பர்ல கொறை. அது எங்க தப்பு. ஆனா இந்த டீச்சரு தன் வேலைய விட்டுட்டு ரெண்டு சனிக்கிழமை எங்களுக்காக ஒக்காந்துச்சு. தனக்குப் போட்டியா நிக்கிற பள்ளிக்கு எவ இப்படிச் செய்வா?” என்றாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். மஹ்ஜபீன் மடியில் கிடந்த பொன்னாடையின் சரிகையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் போலிருந்தது.

விழா முடிந்து டீ குடிக்கும்போதுதான் தமிழ்மதி அந்தச் சங்கதியைச் சொன்னாள்.

“சர்ட்டிபிகேட்டு குடுத்தாரே மதியழகன், பஞ்சாயத்து கிளார்க்கு. ஆகஸ்டு பதினஞ்சு கிராம சபையில அவரப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிப்புட்டாங்க. எங்க பி.டி.ஏ. தலைவரு நல்லுசாமி அண்ணன் எந்திரிச்சு, ‘ஒரு சீலு ஒழுங்கா வைக்கத் தெரியாத ஆளுக்குச் சம்பளம் எதுக்கு? எம்பிள்ளைக படிப்புல மண்ணள்ளிப் போட்டியே’ன்னு கேட்டுட்டாரு. அம்புட்டு சனத்துக்கு முன்னாடி. நானும் பேசாமத்தான் ஒக்காந்திருந்தேன். மனுசன் இப்ப யார் மொகத்தையும் பாக்குறதில்ல. மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்திருக்காராம்.”

அன்று மாலை மஹ்ஜபீன் தன் கணவன் அயாஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தோல் மண்டியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அவன் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டான். முதலில் நம்பவில்லை. பிறகு, “இப்பப் போயி சொன்னா அவங்களுக்கு லைன் வந்துருமா? இருக்குற சிநேகிதமும் போயிரும். விடு,” என்றான்.

அவளும் விடத்தான் பார்த்தாள். ஆனால் கம்ப்யூட்டர் அறையில் பிள்ளைகள் வீடியோவைப் பார்த்து ‘ஓ’வென்று கத்தும்போதெல்லாம், யாரோ ஒருவர் எழுந்து அவளைக் கை நீட்டிக் கேட்பதுபோல் இருந்தது. அந்த மதியழகனை அவள் பார்த்ததுகூட இல்லை. அவருடைய கையெழுத்தைத்தான் பார்த்திருக்கிறாள். சான்றிதழின் அடியில், பள்ளிப் பிள்ளையைப்போல் ஒவ்வொரு எழுத்தையும் பிரித்துப் பிரித்துப் போட்ட கையெழுத்து. சீல் பளிச்சென்று நேராக விழுந்திருந்தது.

பத்தாம் நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

அவள் போன நேரம் மதியச் சாப்பாடு. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். தமிழ்மதி அவளைப் பார்த்ததும் ஓடிவந்தாள். “என்னடி, சொல்லாமக் கொள்ளாம! செத்த நேரம் இரு, பிள்ளைகளச் சாப்புட வச்சுட்டு வாரேன்.”

“இல்லடி. இப்பவே சொல்லிப்புடுறேன். அப்பறம் எனக்குத் தைரியம் வராது.”

அலுவலக அறையில் நின்றுகொண்டே சொன்னாள். ஃபைலைச் சுருக்காமல் விட்டது, மெயில் வந்தது, ஏழு நாள் இருந்தது. தமிழ்மதி இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“மெயிலப் படிச்சியா?”

“படிச்சேன்.”

தமிழ்மதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பிள்ளைகள் குழாயடியில் தட்டுக் கழுவும் சத்தம் கேட்டது. கத்துவாள், அழுவாள் என்று மஹ்ஜபீன் எதிர்பார்த்து வந்திருந்தாள். அதற்கெல்லாம் பதில்கூடத் தயாராக வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை.

தமிழ்மதி திரும்பாமலே சொன்னாள்: “எங்கிட்டச் சொல்லிட்ட. சரி. மதியழகன்ட்ட யாரு சொல்றது?”

பஞ்சாயத்து அலுவலகம் ஊரின் மறுகோடியில் இருந்தது. தமிழ்மதி முன்னால் நடந்தாள். போகிற வழியில் நல்லுசாமியின் தோட்டத்தில் நின்று, “அண்ணே, செத்த வாங்க,” என்று அவரையும் கூப்பிட்டுக்கொண்டாள். ஏனென்று அவரிடம் சொல்லவில்லை.

மதியழகன் நரைத்த தலையோடு மெலிந்த மனிதராக இருந்தார். தலைமையாசிரியைகள் இருவரையும் கண்டதும் எழுந்து நின்றார். நல்லுசாமியைக் கண்டதும் பார்வையை மேசைக்குத் தாழ்த்திக்கொண்டார். மஹ்ஜபீன் சொல்லத் தொடங்கினாள். வரும் வழியெல்லாம் கோத்து வைத்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

“அய்யா, ஒங்க சர்ட்டிபிகேட்டுல ஒரு கொறையும் இல்ல. நாந்தான் அத அனுப்பல. எங்க பள்ளிக்கூடத்துக்குக் கெடைக்கணும்னு அனுப்பாம விட்டுட்டேன்.”

நல்லுசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். “படிச்சவுக...” என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் அவராலும் போக முடியவில்லை. அந்தக் கிராம சபையில் எழுந்து நின்றவர் அவர்தானே.

மதியழகன் பீரோவைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். சான்றிதழின் அலுவலக நகலை வெளியே எடுத்து, சீல் இருந்த இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“எனக்கே சந்தேகமாப் போச்சு டீச்சர். இந்த நகல தெனமும் எடுத்துப் பாப்பேன். இதுல சரியாத்தான் இருக்கு. அப்ப ஒங்களுக்குக் குடுத்த காப்பியிலதான் விட்டுட்டேனோன்னு... முப்பது வருச சர்வீசு. வயசாயிருச்சு போலன்னு நெனச்சேன்.”

பிறகு தன் நாற்காலியை மஹ்ஜபீன் பக்கம் நகர்த்தி, “நிக்கிறீங்களே, உக்காருங்க டீச்சர்,” என்றார்.

அவள் உட்காரவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த நாற்காலியைத்தான் தாங்க முடியவில்லை. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். தமிழ்மதி அவள் பக்கத்தில் வரவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் நடந்ததை அறக்கட்டளைக்கு எழுதி, சான்றிதழையும் சுருக்கி இணைத்து அனுப்பினாள். நகலை நூர் முகமதுவிடம் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். “எனக்காகச் செஞ்சீங்கன்னு நான் நெனச்சுக்கணுமா?” என்று கேட்டார். “இல்ல ஹஜரத், எனக்காகத்தான்,” என்றாள். போட்ட இணைப்பைப் பிடுங்க மாட்டோம், அந்த ஊரை அடுத்த சுற்றில் எடுத்துக்கொள்கிறோம் என்று அறக்கட்டளை பதில் எழுதியது. அடுத்த கமிட்டியில், இனிமேல் வெளி உதவிக்கான விண்ணப்பங்களை உதவித் தலைமையாசிரியை பார்த்துக்கொள்வார் என்று தீர்மானம் போட்டார்கள். கையெழுத்துப் போடும்போது யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மதியழகன் மாற்றல் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நல்லுசாமி அடுத்த கிராம சபையில், அதே இடத்தில் எழுந்து நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டாராம். இதையெல்லாம் மஹ்ஜபீன் அந்தப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான் கேள்விப்பட்டாள். தமிழ்மதி போன் செய்வதில்லை.

மறு வருடம் தை முடிந்து அந்த ஊருக்கு லைன் வந்தது. மஹ்ஜபீனுக்கு அழைப்பு சொன்னவர் மதியழகன். போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்துவிட்டுப் போனாள். தமிழ்மதி வாசலிலேயே நின்றிருந்தாள். “வா,” என்றாள். அறக்கட்டளையிலிருந்து வந்தவர்களிடம், “இவங்க டவுன்ல ஹெச்.எம்.,” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். அதில் கோபம் இல்லை. வேறு எதுவும் இல்லை.

கூட்டத்தில் மஹ்ஜபீன் கடைசியில், வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள். வகுப்பறைச் சுவரில் படம் ஓடத் தொடங்கியதும் பிள்ளைகள் ஒரே சத்தம். பெண்கள் சிலர் திரும்பித் திரும்பி அவளைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். சத்துணவு சமைக்கிற மூக்காயி கையைச் சேலையில் துடைத்தபடி அவளிடம் வந்தாள்.

“நீங்கதான அந்த டவுன் டீச்சரு?”

எந்த டீச்சர் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“ஆமா, நாந்தான்.”

மூக்காயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “சரி, இங்கயே நிக்காதீக. உள்ள வாங்க. சோறும் வெஞ்சனமும் இருக்கு, சாப்புட்டுப் போங்க,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். மஹ்ஜபீன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வரிசையின் கடைசியில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.