கருப்பருக்கு வைத்த கலயம்

வீரய்யா வருஷம் முழுக்கச் சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனுஷன். அவனோடு ரோட்டு கேங்கில் ஜல்லி கொட்டுகிறவர்களில் பாதிப் பேர் வேலை முடிந்ததும் பாறைக்காட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். இவன் மட்டும் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே வந்து கஞ்சிக்கு உட்கார்ந்துவிடுவான். அப்படிப்பட்டவனைத்தான் போன வருஷத் திருவிழாவில், குடித்ததற்காகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. சிரிப்பதா அழுவதா என்று அவன் பெண்டாட்டி செங்கமலத்துக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

சுனையூரணிப்பட்டி அய்யனார் கோயில் புரவியெடுப்பு என்றால் லேசுப்பட்ட திருவிழா இல்லை. நார்த்தாமலை, கீரனூர், ஆவூர்ப் பக்கமிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். வேளார் செய்து கொடுத்த மண்குதிரைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சனம் கோயிலுக்கு நடக்கும். முன்னால் கருப்பர் ஆடிக்கொண்டு போவார். அந்தக் கருப்பர் இறங்குவது வீரய்யா மேல்தான். அவன் அப்பாவுக்குப் பிறகு அவன். இறங்கிய கருப்பருக்கு ஒரு கலயம் சாராயம் கொடுத்தாக வேண்டும். அதைச் சாமியாடியின் பெண்டாட்டிதான் ஈரச்சேலையோடு தலையில் சுமந்து வந்து கொடுக்க வேண்டும். குடித்த பிறகுதான் கருப்பர் குறி சொல்வார். அந்த வருஷம் மழை உண்டா இல்லையா என்பதும் அப்போதுதான் தெரியும்.

சமஸ்தானம் இருந்தவரை இதில் ஒரு வில்லங்கமும் இல்லை. கடையில் வாங்கினார்கள், கொடுத்தார்கள். பிறகு சமஸ்தானம் போய் புதுக்கோட்டை இந்தியாவோடு சேர்ந்தது, பின்னாலேயே மதுவிலக்கும் வந்தது. மனுஷர்களைக் குடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டவர்கள் கருப்பரைப் பற்றி யோசித்தார்களா என்று யாருக்கும் தெரியாது. முதல் இரண்டு மூன்று வருஷம் போலீஸ்காரர்கள் கோயில் எல்லையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். போன வருஷம் வந்த புது சப்-இன்ஸ்பெக்டர் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ரகம் இல்லை. மாஜிஸ்திரேட் முதல் தடவை என்று அபராதத்தோடு விட்டார். "மறுபடி இதே குற்றத்துக்கு வந்தால் ஆறு மாசம் உள்ளே போவாய்" என்று சொல்லித்தான் விட்டார். ஜெயிலுக்குப் போனவனுக்கு கேங்கில் இடமில்லை என்று ஓவர்சீயர் தன் பங்குக்குச் சொல்லி வைத்தார்.

இந்த வருஷம் காப்புக் கட்டின அன்றைக்கே செங்கமலம் ஆரம்பித்துவிட்டாள்.

"இந்தத் தடவ அந்தக் கலயம் வேணாங்க. எளநி வச்சுக் கும்பிட்டாக் கருப்பரு வேணாம்னா சொல்லிருவாரு?"

"நானா கேக்குறேன்? அவரு கேக்குறாரு. அவரு கேட்டா நான் என்னத்தப் பண்ண?"

"அவருக்கென்ன, குடிச்சிட்டு மலையேறிருவாரு. ஜெயிலுக்கு நீங்கள்ல போவணும்!"

விரதக்காரன் அதிகம் பேசக் கூடாது என்று ஒரு சௌகரியம் வீரய்யாவுக்கு இருந்தது.

ரோட்டில் கூடச் சேர்ந்து கல் பொறுக்குகிற ஆவூர் அடைக்கலமேரியிடம் செங்கமலம் சொல்லி அழுதாள். அடைக்கலமேரி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எங்க மாதா கோயிலு சாமியாருக்குப் பூசைக்கு ஒயின் வச்சுக்க சர்க்கார்ல பெர்மிட் குடுத்துருக்காங்கடி. ஒங்க கருப்பரும் ஒரு மனு எழுதிப் போட வேண்டியதுதான?" என்றாள். பிறகு செங்கமலத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கலயத்தச் சுமக்குறவ நீதான? உள்ள என்ன இருக்குன்னு வேற எவளுக்குத் தெரியும்?"

செங்கமலம் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

திருவிழா அன்று காலையில் ஊருக்குத் தலைவரான அம்பலம் பெரியகருப்பன் வழக்கம்போல யார் கண்ணிலும் படாமல் சாராயக் கலயத்தைக் கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டுப் போனார். வெயில் ஏறும்வரை செங்கமலம் அதைத் தொடவே இல்லை. தொட்டால் கை அழுகிப்போகும் என்று பயம். தொடாவிட்டால் புருஷன் ஜெயிலுக்குப் போவான் என்று அதைவிடப் பயம். கடைசியில் வாசல் கதவைச் சாத்தினாள். கலயத்தை அப்படியே கொல்லைப்புறத்து எருக்குழியில் கவிழ்த்தாள். சுக்கையும் மிளகையும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி, ஆறவைத்து, அதே கலயத்தில் ஊற்றினாள். தொண்டையில் இறங்கும்போது எரிச்சல் இருக்க வேண்டுமே! மண்கலயம் காலையிலிருந்து குடித்த சாராயத்தை விடவில்லை. நெடி குப்பென்று அடித்தது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள். வேப்பிலையால் வாயை மூடிக் கட்டிவிட்டு, "அப்பனே, என்னய எடுத்துக்க. அவர விட்டுரு" என்று தரையில் நெற்றியை முட்டிக் கும்பிட்டாள்.

பிற்பகலில் குதிரைகள் கிளம்பின. உறுமி அடித்த அடியில் புழுதி எழுந்தது. சல்லடம் கட்டி, கையில் அரிவாளோடு நின்ற வீரய்யாவின் முழங்கால் முதலில் நடுங்கியது, பிறகு தோள் நடுங்கியது, பிறகு அவன் இல்லை. கருப்பர் வந்துவிட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். "கொண்டாடி கலயத்த!" என்று அவர் கை நீண்டது. செங்கமலம் கலயத்தை நீட்டினாள். இப்போதே கீழே போட்டு உடைத்து, "யாருடி எனக்குத் தண்ணி வச்சவ?" என்று தலைமயிரைப் பிடிப்பார் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கடகடவென்று கலயம் காலியானது. கருப்பர் ஆடினார். அப்படி ஒரு ஆட்டத்தை அந்தச் சனம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஐப்பசியில் ஊரணி நிரம்பும் என்றார். மலேயாவுக்குப் போன மகனிடமிருந்து தகவலே இல்லாமல் பித்துப் பிடித்துக் கிடந்த மருதாயியைக் கூட்டத்திலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டு, "அழுவாதடி, தைக்குள்ள ஒம்புள்ள வாசல்ல நிப்பான்" என்று திருநீறு பூசினார். மருதாயி கதறிக்கொண்டு காலில் விழுந்தாள். செங்கமலம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுக்குத் தண்ணியைக் குடித்துவிட்டா இந்த ஆட்டம்? கருப்பர் தன்னை மன்னித்துவிட்டார் என்று தோன்றியது. பாவி, ஒரு நாழிகை நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தாள்.

கோயில் வாசலில் சப்-இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். குதிரைகளை இறக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தவர், பிறகு முன்னால் வந்து அந்தக் கலயத்தை வாங்கி மோந்து பார்த்தார். முகம் சுளித்தார்.

"குடிச்சியாய்யா?" என்று வீரய்யாவைப் பார்த்துக் கேட்டார்.

கேட்ட நேரம் கெட்ட நேரம். கருப்பர் இன்னும் மலையேறியிருக்கவில்லை.

"குடிச்சேன்டா! ஒரு கலயம் பத்தல. இன்னொண்ணு கொண்டாரச் சொல்லுடா!"

கூட்டம் ஆரவாரித்தது. சப்-இன்ஸ்பெக்டர் தலையசைக்க, இரண்டு போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். கருப்பர் மலையேறட்டும் என்று பெரியவர்கள் திருநீறு போட, வீரய்யா கண்ணைத் திறந்தபோது கையில் விலங்கு இருந்தது.

செங்கமலம் சனத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். வெட்கம், பயம் ஒன்றும் மிச்சமில்லை. "ஐயா, அது சாராயம் இல்லீங்க! சுக்குத் தண்ணிங்க! நாந்தான் வீட்டுல வச்சு மாத்துனேன். சத்தியமா அவருக்குத் தெரியாதுங்க!"

உறுமி நின்றது.

சப்-இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. அவளையும் கலயத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அம்பலத்திடம் திரும்பினார். "என்னய்யா சொல்லுது இந்தப் பொம்பள? தண்ணியா?"

பெரியகருப்பன் துண்டை இடுப்பிலிருந்து எடுத்துத் தோளில் போட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அத்தனை ஊர்ச் சனமும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. சுனையூரணிப்பட்டியில் கருப்பருக்குத் தண்ணீர் வைத்து ஏமாற்றினார்கள் என்று ஆகிவிட்டால் அப்புறம் எந்த ஊர் இந்த ஊரை மதிக்கும்? எந்த மேகம் இந்தப் பக்கம் வரும்?

"புருசன் மேல உள்ள பாசத்துல பொய் சொல்லுதுங்க. சாராயந்தான். எங்கிட்டுருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா எங்க கருப்பருக்குத் தண்ணி வைக்கிற வழக்கம் இங்கிட்டுக் கெடையாது."

"சாராயந்தான்!" என்று நாலு பக்கமும் குரல் எழுந்தது. "நெடி எங்க வரைக்கும் அடிச்சுதுங்க!" என்றார்கள். மருதாயி எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள். "தண்ணியக் குடிச்சிட்டா எம்புள்ள வருவான்னு சொன்னாரு? இவ நாக்கு அழுவிப்போவ!"

இந்தச் சனம் அவனை நேசிக்கிற சனம். அவனைக் காட்டிக்கொடுக்க வேண்டுமென்று அதில் ஒருவருக்கும் எண்ணமில்லை. கருப்பரை விட்டுக்கொடுக்க முடியாமல் வீரய்யாவை விட்டுக்கொடுத்தார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவனைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். செங்கமலத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டதே சப்-இன்ஸ்பெக்டரின் நல்ல மனசு. வாசலில் இறங்கும்போது அவர் அவளிடம் சொன்னார்: "டாக்டர் ஊதச் சொல்லுவார். நீ சொல்றது நெசம்னா வாடை இருக்காது. அவர் எழுதிக் குடுத்துட்டா நான் இப்பவே விட்டுடறேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த புருஷன் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "ஊதிருங்க. சுக்கு வாடைதான் வரும். போற வழியில பஸ்ஸப் புடிச்சு வீட்டுக்குப் போயிரலாம்."

வீரய்யா அவளை நிமிர்ந்து பார்த்தான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு பார்வையை அவள் கண்டதில்லை.

டாக்டர் வந்தார். "வாயத் தெறந்து ஊதுப்பா" என்றார். வீரய்யா வாயைத் திறக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயை அழுத்தி மூடிக்கொண்டான். டாக்டர் அதட்டினார். போலீஸ்காரர் துண்டைப் பிடித்து இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய அவன் உட்கார்ந்திருந்தான். செங்கமலம் காலைப் பிடித்துக்கொண்டு, "ஊதுங்க, ஒரே ஒரு தடவ ஊதுங்க" என்று கெஞ்சினாள். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். டாக்டர் எவ்வளவு நேரம்தான் நிற்பார்? பரிசோதனைக்கு மறுத்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தாழ்வாரத்துக்கு வந்த பிறகுதான் வீரய்யா துண்டை எடுத்தான்.

"நீ மாத்துனது நெசந்தானா?"

அவள் தலையாட்டினாள்.

"வாடை இல்லேன்னு அந்த ஐயா எழுதிக் குடுத்துட்டா, அப்ப ஆடுனது யாரு? மருதாயிக்குக் குறி சொன்னது யாரு? எங்கப்பன் காலத்துலேருந்து கருப்பரு எங்க மேல எறங்குறாருன்னு சனம் கால்ல விழுவுது. தண்ணியக் குடிச்சிட்டு ஆடுனவன்னு பேரு வாங்கிட்டு நான் ஊருக்குள்ள எப்புடி நடப்பேன்?" அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவனா நடந்துருவேன், செங்கமலம். யாரு கண்டா, தொண்டையில எறங்கையில அவரு அதச் சாராயமாவே ஆக்கிக்கிட்டாரோ என்னமோ."

அவனைக் காப்பாற்ற நினைத்து அவனிடமிருந்து எதைப் பறிக்கப் பார்த்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இனி எதையும் திருப்பி வைக்க முடியாது. எருக்குழியில் ஊற்றியதை எங்கே போய் அள்ளுவது?

மறுநாள் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் கேட்டார். "சாராயந்தான் எசமான், குடிச்சேன்" என்று வீரய்யா கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். பின்னால் நின்ற செங்கமலம், "இல்லீங்க" என்றாள். பேசக் கூடாது என்று டவாலிச் சேவகர் அவளை வெளியே அனுப்பினார். ஆறு மாசம்.

கோர்ட் வாசலில் ஊரே திரண்டிருந்தது. கருப்பருக்காக ஜெயிலுக்குப் போகிற மனுஷன் என்று அவன் பேர் ஒரே ராத்திரியில் எங்கெங்கோ போயிருந்தது. விலங்கு போட்ட கையாலேயே வரிசையாக எல்லோருக்கும் திருநீறு பூசினான். மருதாயி காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெரியகருப்பன் தலைகுனிந்து நெற்றியைக் காட்டினார். செங்கமலத்துக்கு யாரும் வழிவிடவில்லை. தண்ணி வச்சவ என்று முணுமுணுத்தார்கள். அவள் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முறை வந்தபோது, "ஏங்க" என்று மட்டும் கூப்பிட்டாள். அவன் அவள் நெற்றியிலும் ஒரு கீற்று இழுத்துவிட்டு, அடுத்து யாராவது இருக்கிறார்களா என்று அவள் தலைக்கு மேலே பார்த்தான். யாரும் இல்லை. நேரமாகிறது என்று சொல்லிப் போலீஸ்காரர் அவனை வேனில் ஏற்றினார்.