அடக்கிய இருமல்

தொட்டிக்காரருக்கு எதையும் அரைகுறையாக விடத் தெரியாது. மாடித் தொட்டிகளைக் கழுவியே குடும்பத்தைக் கரையேற்றியவர். அடியில் ஒரு கை தண்ணீர் தேங்கி நின்றாலும் மறுபடி உள்ளே இறங்கிவிடுவார். அப்பேர்ப்பட்டவருடைய நுரையீரலைச் சுற்றியே தண்ணீர் கட்டிக்கொண்டது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது.

"ஒரே தடவையில சுத்தமா எடுத்துடுங்க டாக்டர். மிச்சம் வெச்சா அது ஒரு வேலையா? ஒவ்வொரு தடவையும் பையன் லீவு போட்டுட்டு என்னைத் தூக்கிட்டு அலையறான்."

"இது தொட்டி இல்லீங்க," என்றார் டாக்டர். "அமுங்கிக் கிடக்கற நுரையீரல் சட்டுனு விரிஞ்சா அதுக்குள்ளயே நீர் கோத்துக்கும். உயிருக்கே ஆபத்து. இருமல் வந்தாலோ நெஞ்சு இறுக்கினாலோ உடனே சொல்லணும். நிறுத்திடுவேன்."

"சொல்றேன், சொல்றேன்" என்று நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

மேசைமேல் தலையணை வைத்து அதன்மேல் அவரை முன்பக்கமாகச் சாய்ந்து உட்கார வைத்தார்கள். முதுகில் ஊசி ஏறியது. எதிரே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள் மனைவி. குழாய் வழியே மஞ்சள் நீர் இறங்க இறங்க அவர் முகம் தெளிந்தது. அவளுக்கும் போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது.

பாட்டில் நிறைந்துகொண்டிருந்தபோதுதான் அவர் தொண்டை ஏறி இறங்கியது. வந்த இருமலை விழுங்கினார். இன்னொன்று வந்தது. அதையும் விழுங்கினார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் விரல்கள் அவள் கையை அழுத்தின. விருந்தாளிகள் முன்னால் அவள் எதையாவது உளறப் போனால் மேசைக்கடியில் அழுத்துவாரே, அதே அழுத்தம். பேசாமல் இரு என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து அதற்குக் கட்டுப்பட்டுப் பழகியவள், பாழாய்ப்போன வாயை மூடிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?" என்று முதுகுப் பக்கமிருந்து டாக்டர் கேட்டார்.

"ஜோரா இருக்கு. எடுங்க."

ஊசியை எடுத்த கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை தள்ளியது, மூச்சுத் திணறியது. கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். என்னென்னவோ செய்து பார்த்தார்கள். மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

மகன் டாக்டரின் சட்டையைப் பிடித்தான். "பேசிட்டிருந்த மனுஷனைக் கொன்னுட்டியே!"

"கேட்டேனேப்பா... நல்லா இருக்குன்னுதானே சொன்னார்" என்று டாக்டர் தடுமாறினார்.

கட்டிலருகே அவள் அந்தக் கையைப் பிடித்தபடியே இருந்தாள். சற்று நேரம் காத்திருந்து பார்த்தாள். விரல்கள் அழுத்தவில்லை.

"அவரை விடுப்பா," என்றாள் மகனிடம். "அப்பாவுக்கு இருமல் வந்துச்சு. நீ இன்னொரு லீவு போடக் கூடாதுன்னு முழுங்கிட்டார். நான் பாத்துட்டுதான் இருந்தேன்."