மூன்றாம் குரல்

விடியும் முன்பே கை எரியத் தொடங்கிவிடும். பழைய செங்கல்லை இடது கையில் பிடித்து, ஒட்டியிருக்கும் காரையைச் சுத்தியலால் தட்டி உதிர்க்க வேண்டும். பலமாகத் தட்டினால் கல் உடையும்; மெதுவாகத் தட்டினால் காரை அசையாது. சுண்ணாம்புத் தூசி உதட்டில் காய்ந்து வெடிக்கும். போர் முடிந்து மூன்று வருஷம். குண்டு விழுந்த வீடுகளின் கல்லைத்தான் இப்போது பஸ் நிலையமாகவும் சினிமாக் கொட்டகையாகவும் அடுக்குகிறார்கள். ஊர் வளர்கிறது என்று பேப்பரில் போடுகிறார்களாம். நன்றாக வளரட்டும். கல் தட்டுகிற எங்கள் நகம் மட்டும் வளர்ந்தபாடில்லை.

கூரை பாதி போன பழைய தபாலாபீசில் நாங்கள் பதினோரு குடும்பம் குடியிருந்தோம். ஜன்னலுக்கு ஒரு குடும்பம். பதிவுத் தபால் ஜன்னல் எங்களுடையது. மணியார்டர் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவள் எல்லோருக்கும் மணியார்டர் அக்கா. "பேருலயாச்சும் பணம் இருக்கட்டுமேடி" என்று அவளே சிரிப்பாள். கடிதம் பிரித்துப் போடுகிற மரப் பொந்துகளில் எங்கள் சீப்பும் தட்டும் என் கைக்குழந்தையின் துணிகளும் இருந்தன.

என் வீட்டுக்காரருக்குக் குரல் கொடுக்கிற வேலை. கட்டடத்தை இடிக்குமுன் வாசலில் நின்று, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். போர் முடிந்த புதிதில் ஒரு தடவை கூப்பிடாமல் இடித்தார்கள். உள்ளே படுத்திருந்த ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் செத்தார்கள். அன்றிலிருந்து குரல் கேட்காமல் எந்தச் சம்மட்டிக்காரனும் கையை ஓங்கமாட்டான். உள்ளிருந்து ஒரு முனகல் வந்தாலும் சம்மட்டி கீழே இறங்கிவிடும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை இது.

அன்று காலை கான்ட்ராக்டர் ஜீப்பை விட்டு இறங்கும்போதே சொன்னார்: "கல்லு பத்தல. பேங்க் கட்டடம் பாதியில நிக்குது. நாளைக்குத் தபாலாபீச இடிக்கிறோம்."

மணியார்டர் அக்கா சுத்தியலைக் கீழே போட்டாள். "நாங்க எங்க சார் போறது?"

"ஊரு இவ்வளவு பெருசாகுது. உங்களுக்கா இடமில்ல?"

"எது எங்க இடம்னு விரல நீட்டிக் காட்டுங்க. இப்பவே மூட்டையக் கட்டறோம்."

அவர் விரலை நீட்டவில்லை. என் வீட்டுக்காரர் தோளில் கையைப் போட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. நாலு கல்லை உடைத்தேன். சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்ததும் கேட்டேன்: "என்னவாம்?"

"பேங்க் முடிஞ்சதும் வாட்ச்மேன் வேலையாம். ஒரு ரூமும் உண்டாம்."

"நமக்கு ரூம். மத்தவங்களுக்கு?"

"பாப்பாவுக்கு ஒழுகாத கூரைடி. அதுவும் நான் கூப்பிடலேன்னா வேற ஆள வெச்சுக் கூப்பிடுவான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"குரல் குடுக்கறேன்னேன்."

அவமானத்தில் முகத்தை மூடிக்கொண்டு அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"கூப்பிடறது அவன் பொழப்பு. கூப்பிட்டா பதில் சொல்ல வேண்டியது யாருடி?" என்றாள். அப்புறம் ஜன்னல் ஜன்னலாகப் போய் எல்லோரிடமும் அதையே கேட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் கான்ட்ராக்டர் வெளியூரிலிருந்து ஆறு சம்மட்டிக்காரர்களை இறக்கினார். எங்களை முன்பின் பார்த்திராதவர்கள். நாங்கள் ஒருவர்கூட வெளியே போகவில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டு எங்கள் ஜன்னலில் நின்றேன்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

"இருக்கோம்!" பதினோரு குடும்பமும் கத்தியது. குழந்தை பயந்து வீறிட்டது.

"வேணும்னே கத்துதுங்க. அடிங்கப்பா" என்றார் கான்ட்ராக்டர். சம்மட்டிக்காரர்கள் அவரைப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரைத்தான் பார்த்தார்கள்.

"மூணு தரம்தானே? கூப்பிட்டுத் தொலைடா!"

இரண்டாம் தரம் கூப்பிடும்போது அவர் குரல் உடைந்தது. நாங்கள் இன்னும் பலமாகக் கத்தினோம். மூன்றாவதற்கு வாயைத் திறந்தார். கம்பிக்குப் பின்னால் நின்ற என்னையும் குழந்தையையும் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு விறுவிறுவென்று படியேறி உள்ளே வந்து எங்கள் பக்கத்தில் நின்றார்.

"நானும் இருக்கேன்" என்றார். பாவி மனுஷன், இதற்கு ஒரு ராத்திரி பூராவும் என்னை அழ வைத்திருக்க வேண்டுமா?

கான்ட்ராக்டர் வாசலுக்கே ஓடிவந்தார். "வேற எவன்டா இருக்கீங்க உள்ள?"

மூன்றாம் குரலை அவரே கொடுத்துவிட்டார். பதில் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. சம்மட்டிக்காரர்களில் மூத்தவர் சம்மட்டியைப் படியில் சாய்த்து வைத்துவிட்டு, அவரைத் தாண்டி உள்ளே வந்தார். மற்ற ஐந்து பேரும் பின்னாலேயே வந்தார்கள்.

"நாங்களும் இருக்கோம் சார்."

ஜீப் போலீசைக் கூட்டிவரப் போயிற்று. என்ன ஆகுமோ, யாருக்கும் தெரியாது. "தந்தி ஜன்னல் காலியாத்தான் கெடக்கு, அங்க உக்காருங்க" என்று மணியார்டர் அக்கா அந்த ஆறு பேருக்கும் இடம் காட்டினாள்.

ஜீப் திரும்பி வருகிற சத்தம் தெருக்கோடியில் கேட்டது. என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டார். வந்து கூப்பிடட்டும்.