வால்யூம் குமிழில் என் கை

இந்தக் காலத்து ஆட்கள் பழுதைப் பழுது என்று ஒப்புக்கொள்வதே இல்லை. அதற்கு ஒரு பெயர் வைத்து, கலை என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

நான் கூட்டங்களுக்கு மைக் செட் போட்டே காலத்தை ஓட்டியவன். மைக் ‘கொய்ங்’ என்று கத்தினால் பேசுகிறவனை யாரும் முறைக்க மாட்டார்கள், என்னைத்தான் முறைப்பார்கள். அதனால் கத்தத் தொடங்கும்போதே என் கை பாய்ந்து வால்யூமைக் குறைத்துவிடும். என் மாப்பிள்ளையோ அந்தச் சனியனை வேண்டுமென்றே வரவழைக்கிறார். தரையில் டேப் ஒட்டிய இடத்தில் நின்று, எலக்ட்ரிக் கிதாரை ஸ்பீக்கர் பெட்டிக்கு நேராகத் திருப்பி, கம்பியை ஒரு தட்டுத் தட்டுவார். பெட்டியின் சத்தம் கம்பியை ஆட்டும், கம்பியின் ஆட்டம் மறுபடி பெட்டியில் கத்தும். கை வைக்காமலே ஒரே சுரம் நீண்டுகொண்டு போகும். கொஞ்சம் நகர்ந்தால் வேறு சுரமாம்.

அன்று மாலை, இசைக்குழு நடத்தும் டிரம்ஸ்காரர் எங்கள் கார் ஷெட்டுக்கு வந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் மாப்பிள்ளைக்குக் குழுவில் இடம். இல்லையென்றால் பழையபடி கடையில் நின்று செல்போன் உறை விற்க வேண்டியதுதான்.

“மாமா, நான் தலையாட்டினதும் இந்த வெள்ளைக் கோடு வரைக்கும் வால்யூமை ஏத்துங்க. அப்புறம் தொடாதீங்க.”

“எனக்கே சொல்லித் தர்றீங்களா?”

“அப்பா,” என்றாள் மகள், “தொடாதீங்கன்னா தொடாதீங்க.”

தலை ஆடியது. ஏற்றினேன். சத்தம் மெலிதாக எழுந்து குண்டாக வளர்ந்தது. சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்கள் நடுங்கின. டிரம்ஸ்காரர் கண்ணை மூடினார். மாப்பிள்ளை மெல்ல ஒரு காலை நகர்த்த, சத்தம் ‘கொய்ங்’ என்று மேலே ஏறியது.

என் கை என்னைக் கேட்கவில்லை. பாய்ந்து குமிழை ஒரே திருகாகத் திருகி அணைத்துவிட்டது.

“மாமா!”

“கத்திச்சு, மாப்பிள்ளை.”

“கத்தணும்னுதானே இத்தனை நாளா நிக்கிறேன்!”

டிரம்ஸ்காரர் கண்ணைத் திறந்தார். “கரன்ட் போயிடுச்சா?”

“இல்ல சார், எங்கப்பா,” என்றாள் மகள்.

என்னை ஒரு பழைய டயர்மேல் உட்காரவைத்தாள். “ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கோங்க. எடுத்தீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

இந்த முறை அவளே ஏற்றினாள். சத்தம் ஏறியது, வேண்டிய இடத்தில் நின்றது, அவர் நகர்ந்தால் நகர்ந்தது. கடைசியில் மாப்பிள்ளை திரும்பி நின்று கம்பிமேல் கையை வைக்க, பெட்டிப் பாம்பாக அடங்கியது. நன்றாக இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். நன்றாக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன்.

“இடம் உனக்குத்தான்,” என்றார் டிரம்ஸ்காரர். “ஒண்ணே ஒண்ணு. மாமனாரைக் கூட்டிட்டு வராதே.”

“வெத்திலை பாக்கு வச்சுக் கூப்பிட்டாலும் வர மாட்டேன்,” என்று எழுந்தேன்.

மகள் சிரித்தாள், அழவும் செய்தாள். மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்காமல் மறுபடியும் கம்பியைத் தட்டினார். தெருமுனை வரைக்கும் அது என் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தது. பழுதுதான். சந்தேகமே இல்லை. கைகளைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.