லாரியின் நெற்றியில் மூன்று விளக்குகள்

சம்பந்தி வீட்டு வேலையைக் கையில் எடுக்காதே என்று யாராவது ஒரு புண்ணியவான் ரசமட்டத்திடம் முன்பே சொல்லியிருக்கலாம். சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

லாரிகளுக்குத் தகர வேலை பார்க்கும் அவருக்கு ஊர் வைத்த பெயர் ரசமட்டம். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவர் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தில் குட்டியாக ஒன்று வைத்திருப்பார். கோணல் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன வீட்டில்கூட, தண்ணீர் டம்ளரைக் கையில் வாங்குமுன் எழுந்து போய்ச் சுவரில் கோணலாகத் தொங்கிய காலண்டரை நிமிர்த்தியவர்.

அந்த வீட்டுச் சம்பந்தியம்மா ஒரு காலத்தில் லாரி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். அந்தப் பழைய லாரியைப் புதுப்பித்து, மறுநாள் நடக்கவிருந்த பழைய வண்டிகளின் ஊர்வலத்தில் தானே ஓட்ட ஆசைப்பட்டார். முன்கண்ணாடிக்கு மேலே, நெற்றியில், மூன்று உருண்டை விளக்குகள் பொருத்த வேண்டும். வேலை சொதப்பினால் மகள் காலமெல்லாம் பேச்சு கேட்க வேண்டுமே என்பதுதான் ரசமட்டத்தின் கவலை.

விளக்கைச் சுற்றி வைக்கும் வளையத்திலேயே முதல் தகராறு. ஓரத்தில் பூ வெட்டிய அகலமான க்ரோம் வளையங்களைச் சம்பந்தியம்மா ஆசை ஆசையாக வாங்கி வந்திருந்தார்.

"இது வேணாங்க. லாரிக்குக் கம்மல் மாட்டின மாதிரி இருக்கும். மெல்லிசா ஒரு வளையம் போதும்" என்றார் ரசமட்டம்.

"உங்களுக்குத் தெரியாததா?" என்று அவற்றை டிரைவர் சீட்டுக்கு அடியில் போட்டார் அந்த அம்மாள். முகம் மட்டும் சுண்டிப்போனது.

ரசமட்டம் ஏணியில் ஏறி நெற்றித் தகரத்தில் மட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை நகர்த்தி, கோடு கிழித்து, துளை போட்டு, ரப்பர் வைத்து விளக்குகளை முடுக்கினார். மறுபடி மட்டம் வைத்தார். குமிழி அசையவில்லை. "எப்படி?" என்று ஆளில்லாத பட்டறையைக் கேட்டார்.

சாயங்காலம் மாமியாரும் மருமகளுமாக வந்தார்கள். சம்பந்தியம்மா லாரியைச் சமமான ரோட்டுக்கு எடுத்து நிறுத்தினார். மகள்தான் முதலில் பார்த்தாள்.

"அப்பா, விளக்கு சாஞ்சிருக்கே!"

"மட்டம் வச்சுப் பாத்தேன்மா!"

ஆனால் சாய்ந்துதான் இருந்தது. இடப்பக்க விளக்கு மேலே, வலப்பக்க விளக்கு கீழே. லாரி ஒற்றைப் புருவத்தைத் தூக்கி அவரையே முறைத்தது. ரசமட்டம் திரும்பிப் பட்டறைத் தரையைப் பார்த்தார். கழுவுகிற தண்ணீர் வடிய வேண்டும் என்று கொத்தனாரோடு சண்டை போட்டு, தரையைச் சரிவாகப் போட வைத்தவரே அவர்தான். சரிவில் சாய்ந்து நின்ற லாரிக்கு, அதன் உடம்பைப் பார்க்காமல், பூமியைப் பார்த்து மட்டம் பிடித்திருக்கிறார்! ஆனைக்கும் அடி சறுக்கும், வாஸ்தவம். ஆனால் எந்த ஆனையும் சறுக்குவதற்கென்று தானே சரிவு கட்டிக்கொள்வதில்லை.

ஓரத்து விளக்குகளை விரற்கடை நகர்த்தினால் பழைய துளைகள் மெல்லிய வளையத்துக்கு வெளியே பல்லிளிக்கும். அடைத்துப் பெயிண்ட் அடிக்க நேரமில்லை. விடிந்தால் ஊர்வலம்.

"சம்பந்தியம்மா, தப்பு என்னோடதுதான். தரை சரிவுங்கறதையே மறந்துட்டேன். ரெண்டு விளக்க மாத்தணும். பழைய ஓட்டை தெரியக் கூடாதுன்னா..." டிரைவர் சீட்டுப் பக்கம் பார்த்தார். "அந்தக் கம்மல் இருக்குங்களா?"

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

"இத மனசுல வச்சுக்கிட்டு எம் பொண்ண..." என்று இழுத்தார் ரசமட்டம்.

"அட, நீங்க ஒண்ணு! ஒரு கோணல்கூட இல்லாத வீட்டுப் பொண்ணு, நம்ம வீட்டுல எப்படிக் குப்பை கொட்டப் போகுதோன்னு நான்ல பயந்துக்கிட்டிருந்தேன்! நீங்க வர்றீங்கன்னாலே காலண்டரத்தான் முதல்ல பாப்பேன். இப்பத்தான் எனக்கு மூச்சே வருது."

பூ வெட்டிய வளையங்கள் ஏறியதும் பழைய துளைகள் மறைந்து, லாரிக்கு ஒரு களையும் வந்துவிட்டது. அதை ரசமட்டம் வாய்விட்டே ஒப்புக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சம்பந்தியம்மா அவரை வீட்டுக்கு இழுத்துப் போனார். கூடத்தில் காலண்டர் சாய்ந்து தொங்கியது. ரசமட்டத்தின் கை தானாக மேலே போனது, பாதியில் நின்றது.

"பரவால்ல, நிமித்துங்க" என்றார் சம்பந்தியம்மா.

"இருக்கட்டுங்க, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்தார்.